கடல் தெரியாத அறையும் கடலோரக் கூடமும்: ஃபியோதோசியாவில் ஐவசோவ்ஸ்கி

1880 ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, இன்றைய நாட்காட்டிப்படி ஜூலை 29 அன்று, கிரிமியத் தீபகற்பத்தின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஃபியோதோசியா என்னும் சிறு துறைமுக நகரில் கடல் ஓவியர் இவான் ஐவசோவ்ஸ்கி தம் 63 ஆம் பிறந்தநாளைக் கொண்டாடினார். கடற்கரைச் சாலையில் இருந்த தம் வீட்டை ஒட்டி அவர் சொந்தச் செலவில் கட்டியிருந்த பெரிய ஓவியக்கூடம் அன்றுதான் திறக்கப்பட்டது. ரஷ்யப் பேரரசின் தலைநகரங்களுக்கு வெளியே பொதுமக்கள் சென்று பார்க்கக்கூடிய கலை அருங்காட்சியகம் என்பது அக்காலத்தில் அரிதினும் அரிது. மற்றொரு கடல் ஓவியரான அலெக்சேய் பகல்யூபவ் சராத்தவ் நகரில் ரதீஷெவ் அருங்காட்சியகத்தைத் திறப்பதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. மாஸ்கோ வணிகர் பாவெல் திரெத்தியாக்கவ் தம் சேகரிப்பை மாநகருக்குக் கையளித்தது 1892 இல்தான்.

தனி ஓவியர் ஒருவர் தம் படைப்புகளுக்காகத் தாமே எழுப்பும் கூடம் பெரும்பாலும் அவரோடு முடிந்துவிடும். வாரிசுகள் விற்பார்கள், அல்லது ஊர் மறந்துவிடும். ஃபியோதோசியாக் கூடமோ ஒரு பேரரசின் வீழ்ச்சியையும், ஓர் உள்நாட்டுப் போரையும், நாஜி ஆக்கிரமிப்பையும், சோவியத் ஒன்றியத்தின் தோற்றத்தையும் மறைவையும் கடந்து நிற்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. அந்த ஓவியரின் திறமை இதற்கான விடையில் ஒரு பகுதி மட்டுமே என்பது என் கருத்து. அவர் தம் ஊரோடு கொண்டிருந்த உறவும், அவருக்குப் பின் வந்தவர்களின் உழைப்பும் அதற்குச் சற்றும் குறையாத பங்கு வகித்தன.

சுண்ணாம்புச் சுவரிலிருந்து தலைநகருக்கு

ஐவசோவ்ஸ்கி 1817 இல் ஃபியோதோசியாவில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ஹோவன்னெஸ். வணிகரான தந்தை 1812 இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு பொருளிழந்து நொடித்துப்போயிருந்தார். சிறுவன் கரித்துண்டால் வெள்ளையடித்த சுவர்களில் கப்பல்களை வரைந்துகொண்டிருந்ததாக ஊர் வழக்கு சொல்கிறது. நகரக் கட்டடக் கலைஞர் யாக்கவ் கோஹ் அவனுக்குத் தாளும் பென்சிலும் தந்து பழக்கியதும், ஃபியோதோசியாவின் ஆட்சியதிகாரியாக இருந்து பின்னர் மாகாண ஆளுநரான அலெக்சாந்தர் கஸ்னச்சேயெவ் அவனைச் சிம்ஃபெரோபோலுக்கு அழைத்துச் சென்று உயர்நிலைப் பள்ளியில் சேர்த்ததும் அவன் வாழ்க்கையின் திசையை மாற்றின. 1833 இல், பதினாறாம் வயதில், அவன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பேரரசுக் கலைக்கழகத்தில் மக்ஸீம் வரபியோவிடம் மாணவனாகச் சேர்ந்தான். ஒரு மாகாணச் சிறுவனின் கல்வியைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்ட இந்த மனிதர்களை இங்கே நினைவில் நிறுத்துவது அவசியம். பிற்காலத்தில் ஐவசோவ்ஸ்கி ஊருக்குச் செய்தவற்றில் பழைய கடனைத் திருப்பிச் செலுத்தும் தொனி இருப்பதை அப்போதுதான் உணர முடியும்.

கலைக்கழக ஆண்டுகளில் ஒரு நெருக்கடி வந்தது. பிரான்சிலிருந்து அழைக்கப்பட்டிருந்த கடல் ஓவியர் பிலிப் தன்னேருக்கு உதவியாளராக நியமிக்கப்பட்ட ஐவசோவ்ஸ்கி, 1836 இல் தம் சொந்த ஓவியங்களைக் கலைக்கழகக் கண்காட்சியில் வைத்தார். ஆசிரியரின் அனுமதியின்றி இது நடந்தது என்று தன்னேர் பேரரசர் முதலாம் நிக்கலாயிடம் நேரடியாக முறையிட்டார். ஓவியங்கள் சுவரிலிருந்து இறக்கப்பட்டன. போர்க்காட்சி ஓவியப் பேராசிரியர் சாவர்வைட் சில மாதங்கள் கழித்துப் பரிந்து பேசிய பிறகே பேரரசரின் சினம் தணிந்தது. அடுத்த ஆண்டே, 1837 இல், அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. இருபது வயதுக்குள்ளேயே, ஓர் ஓவியம் மக்கள் கண்ணில் படுவதா இல்லையா என்பதை வேறொருவரின் ஒரு சொல் தீர்மானித்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். தமக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்ற எண்ணத்தின் விதை அங்கே விழுந்ததா என்பதற்குச் சான்று காட்ட இயலாது. ஆனால் பிற்காலத்தில் தனிநபர் கண்காட்சியைத் தம் வழக்கமாகவே ஆக்கிக்கொண்ட ரஷ்ய ஓவியர்களில் அவர் முன்னோடி என்பதும், வாழ்நாளில் 120 க்கும் மேற்பட்ட அத்தகைய கண்காட்சிகளை நடத்தினார் என்பதும் இந்நிகழ்ச்சியோடு சேர்த்துப் பார்க்கத் தக்கவை.

1840 இல் அரசு உதவித்தொகையில் இத்தாலிக்குச் சென்றார். வெனிஸ் நகருக்கருகில் சான் லாசரோ தீவில் உள்ள ஆர்மீனிய மடத்தில் துறவியாக இருந்த தம் அண்ணன் கப்ரியேலைச் சந்தித்ததும், குடும்பப் பெயரான கைவசோவ்ஸ்கியின் முதல் எழுத்தை நீக்கி ஐவசோவ்ஸ்கி என்று எழுதத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். உலகத் தோற்றத்தைக் காட்டும் அவரது ‘பெருங்குழப்பம்’ என்ற ஓவியம் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியிடம் சென்று சேர்ந்தது. இன்று அது அதே சான் லாசரோவில் இருக்கிறது. 1842 இல் ஆங்கில ஓவியர் டர்னர் அவரது நேப்பிள்ஸ் விரிகுடாக் காட்சியைக் கண்டு வியந்து கவிதை எழுதினார் என்பர்.

ஏன் திரும்பி வந்தார்

1844 இல் ரஷ்யாவுக்குத் திரும்பியபோது அவருக்குக் கலைக்கழக உறுப்பினர் தகுதியும் கடற்படைத் தலைமையகத்தின் ஓவியர் என்ற பதவியும் கிடைத்தன. அரசவையும் ஆதரவாளர்களும் விமர்சகர்களும் பணமும் தலைநகரில்தான் இருந்தன. அந்நிலையில், அடுத்த ஆண்டே, 28 வயதில், அவர் ஃபியோதோசியாவில் நிலம் எடுத்து வீடு கட்டத் தொடங்கியது பலருக்கும் விந்தையாகத் தோன்றியிருக்க வேண்டும். அங்கிருந்தபடியே அவர் எங்கும் சென்றார் என்பது வேறு: கான்ஸ்டான்டிநோபிள், 1869 இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழா, 1892 இல் அமெரிக்கா, நயாகரா. பயணம் முடிந்து அவர் திரும்பியது எப்போதும் ஃபியோதோசியாவுக்கே.

இத்தாலிய மாளிகைகளின் பாணியில், பழங்காலச் சிலைகளின் வார்ப்புகளோடு எழுந்த அந்த வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கடலுக்கு எதிரே கட்டப்பட்ட வீட்டில், கடலையே வாழ்நாள் முழுவதும் வரைந்தவர் அமைத்துக்கொண்ட ஓவிய அறையின் சன்னல் முற்றத்தைப் பார்த்தது. அறைச் சுவர்களில் கண்ணை இழுக்கும் எதுவும் இல்லை. இது தற்செயல் அல்ல. மின்னலையும் காற்றின் வீச்சையும் அலையின் தெறிப்பையும் நேரில் பார்த்துக்கொண்டே வரைய முடியாது, தூரிகை எட்டுவதற்குள் அவை கலைந்துபோகும், ஆகவே நினைவே ஓவியனின் கருவி என்பது அவர் வெளிப்படையாகச் சொல்லிவந்த கொள்கை. கரையில் அவர் செய்தது பென்சிலால் சில கோடுகளைக் குறித்துக்கொள்வது மட்டுமே. அறைக்குள் வந்தபின் முதலில் வானம். எவ்வளவு பெரிய ஓவியத் திரையாயினும், ஒளியின் நிறமாற்றங்கள் ஒன்றோடொன்று இழைய வேண்டும் என்பதால், வண்ணம் உலர்வதற்குள் ஒரே அமர்வில் வானத்தை முடித்துவிடுவார். பின்னர் நீர். அலையின் உடலுக்கு அடர்த்தியான அடிப்பூச்சு, அதன் மேல் ஒளி ஊடுருவும்படி மெல்லிய வண்ணப் படலங்கள், கடைசியாக நுரை. அலையின் முகட்டில் பின்னாலிருந்து சூரியன் கசிவதுபோல் தோன்றும் அந்தப் பச்சை, இந்தப் படலங்களின் வேலைதான். கண்காட்சிகளில் சிலர் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகச் சொல்லப்படுவதை மிகை என்று தள்ளினாலும், அந்த ஐயம் எதிலிருந்து பிறந்தது என்பது ஓவியத்தின் முன் நிற்பவருக்கு விளங்கும்.

1850 இல் வரைந்த ‘ஒன்பதாம் அலை’ இம்முறையின் உச்சமாகக் கருதப்படுகிறது. 221 செ.மீ. உயரமும் 332 செ.மீ. அகலமும் கொண்ட அந்தத் திரையில், உடைந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் சிலரும், இரவுப் புயலுக்குப் பிந்திய விடியலும், அவர்களை நோக்கி எழும் பேரலையும் மட்டுமே இருக்கின்றன. அது இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்தில் உள்ளது.

நினைவிலிருந்து வரைவதற்கு ஒரு விலையும் உண்டு. ஏறத்தாழ 6,000 ஓவியங்களை அவர் வரைந்ததாகக் கணக்கு. அத்தனை வேகம் கைப்பழக்கமாக மாறாமல் இருப்பது கடினம். ஒரே நிலவு, ஒரே முகடு, ஒரே தங்க மூடுபனி பல நூறு திரைகளில் திரும்பி வருகின்றன. 1861 இலேயே தஸ்தயேவ்ஸ்கி அவரைப் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவோடு ஒப்பிட்டு, இருவரும் வியக்கத்தக்க விளைவுகளை மிக எளிதாக உருவாக்கிவிடுகிறார்கள் என்ற பொருளில் எழுதினார். புகழும் கண்டனமும் கலந்த ஒப்பீடு அது. யதார்த்தவாதம் ஓங்கிய தலைமுறை அவரைப் பழமையின் எச்சமாகப் பார்க்கத் தொடங்கியபோது, அவர் 1881 இல் ‘கருங்கடல்’ என்ற ஓவியத்தை முன்வைத்தார். அதில் கப்பல் விபத்து இல்லை, நிலவு இல்லை. சாம்பல் வானமும் கனத்த நீரும், தொலைவில் சிறு புள்ளியாக ஒரு கப்பலும் மட்டுமே. யதார்த்தவாதிகளின் முன்னணியில் நின்ற கிராம்ஸ்கோய் அதைத் தாம் அறிந்த மிகச் சிறந்த ஓவியங்களில் ஒன்றாகப் போற்றினார். இந்த ஓவியம் கூடம் திறந்த மறு ஆண்டில் வந்தது என்பதைத் தற்செயல் என்று கொள்ளலாம். ஆயினும், விற்பனைக்கும் அரசவைக்கும் அப்பால் நிலையாகத் தொங்கப்போகும் சுவர் ஒன்று கையில் இருப்பது ஓவியரின் துணிவைக் கூட்டும் என்று நினைக்க இடமிருக்கிறது.

கூடமும் குடிநீரும்

அவர் காலத்தில் அந்தக் கூடம் இன்று நாம் அருங்காட்சியகம் என்றால் நினைப்பதுபோல் இயங்கவில்லை. புதிதாக முடிந்த ஓவியங்கள் முதலில் அங்கே ஊராருக்குக் காட்டப்படும். பின்னர் தலைநகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் கண்காட்சிகளுக்காகப் போகும். விற்றவை திரும்பா, அவற்றின் இடத்தைப் புதியவை நிரப்பும். நுழைவுக் கட்டணம் அறப்பணிகளுக்குப் போனது. இசை நிகழ்ச்சிகளும் அங்கே நடந்தன. இளம் ஓவியர்கள் அங்கிருந்த திரைகளைப் படியெடுத்துப் பழகினர். அவரது பேரன் மிகயீல் லாத்ரியும், பிற்காலத்தில் தனித்த பெயர் பெற்ற கன்ஸ்தந்தீன் பகயேவ்ஸ்கியும் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். கூடம் வழியே ஊரின் பெயர் வெளியே போயிற்று, வெளியுலகம் ஊருக்குள் வந்தது.

கூடத்துக்கு இணையாக அவர் செய்த மற்றவற்றை வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாக ‘அவர் கொடையாளியும்கூட’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. கூடம் பிழைத்த காரணத்தைத் தேடும்போது அந்த வரியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1853 இல் ஊரைச் சுற்றியிருந்த பழங்காலப் புதைமேடுகளை அகழ்ந்தார்; அரும்பொருள்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மித்தாஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. 1871 இல் மித்ரிதாத் குன்றின் மேல் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குத் தம் செலவில் கட்டடம் எழுப்பினார். இருப்புப்பாதையும் வணிகத் துறைமுகமும் ஃபியோதோசியாவுக்கு வரவேண்டும் என்று ஓயாது வாதாடினார். 1892 இல் ஜான்கோயிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஊர் மனத்தில் ஆழப் பதிந்தது தண்ணீர்தான். ஃபியோதோசியா நெடுங்காலம் குடிநீர்ப் பஞ்சத்தில் வாடிய நகரம். 1880களின் இறுதியில் ஐவசோவ்ஸ்கி, ஊரார் ஆண்டுதோறும் படும் துயரைக் கண்டுகொண்டிருக்க இயலாது என்று நகர மன்றத்துக்கு எழுதி, தமது தோட்டத்தில் உள்ள சுபாஷ் ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு 50,000 வாளி நீரை நிரந்தர உடைமையாக நகருக்கு அளித்தார். பழைய ரஷ்ய வாளி ஒன்று ஏறத்தாழ 12.3 லிட்டர் கொள்ளும்; ஆகவே நாளுக்கு 6 லட்சம் லிட்டருக்கும் மேல். சுமார் 25 வெர்ஸ்ட், அதாவது கிட்டத்தட்ட 27 கி.மீ. தொலைவுக்குக் குழாய் பதிக்கப்பட்டது. 1888 இல் அவர் வரைந்த வடிவில், கீழைத்தேயப் பாணியில் கூரை நீண்ட ஒரு நீரூற்றுக் கட்டடமும் எழுந்தது. அங்கே இருந்த வெள்ளிக் குவளையில், அவரும் அவர் குடும்பமும் நலமாயிருக்க வாழ்த்திக் குடியுங்கள் என்று பொறித்திருந்தார்கள். ஓவியம் என்றால் என்னவென்றே அறியாத சுமை தூக்கும் தொழிலாளிக்கும் அந்தப் பெயர் அன்றாடம் நாவில் பட்டது. தண்ணீரோடு வந்த பெயரை எந்த ஊரும் எளிதில் கைவிடுவதில்லை.

அவரைப் புனிதராக்கிவிடவும் வேண்டியதில்லை. அதே 1888 கோடையில் அவரது ஷேக்-மமாய் தோட்டத்துக்கு வந்த இளம் எழுத்தாளர் செக்கவ், தம் தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவரைத் தளபதி, ஆயர், ஓவியர், ஆர்மீனியர், வெகுளித் தாத்தா, ஒத்தெல்லோ ஆகிய அனைவரின் கலவையாக வர்ணிக்கிறார். கவிஞர் புஷ்கினின் நண்பர், ஆனால் புஷ்கினைப் படித்ததில்லை. வாழ்நாளில் ஒரு நூலும் படித்ததில்லை. எனக்கென்று சொந்தக் கருத்துகள் இருக்கும்போது எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர். செக்கவின் பேனா கிண்டலில் கூர்மையானது, கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசிக்க வேண்டும். ஆனால் 1887 இல் தம் ஓவிய வாழ்வின் ஐம்பதாண்டு நிறைவு விருந்தில் ஏறத்தாழ 150 விருந்தினர் ஒவ்வொருவருக்கும், தாம் தூரிகையோடு அமர்ந்திருக்கும் ஒளிப்படத்தில் பதித்த தம் கையால் வரைந்த குட்டி ஓவியம் ஒன்றைப் பரிசளித்த மனிதரின் தன்னம்பிக்கையோடு இந்தச் சித்திரம் நன்றாகவே பொருந்துகிறது.

முதுமையில் அவரை உலுக்கியது 1890களின் நடுப்பகுதியில் ஒஸ்மானியப் பேரரசில் ஆர்மீனியர்கள் மீது நடந்த படுகொலைகள். சுல்தான்களின் மாளிகைக்கு ஓவியங்கள் வரைந்து அவர்களிடம் விருதுகள் பெற்றிருந்தவர், அந்த விருதுகளைக் கடலில் எறிந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. படுகொலைகளைக் காட்டும் ஓவியங்களை வரைந்து காட்சிக்கு வைத்தார். 1898 இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரமும் 4.3 மீட்டர் அகலமும் உள்ள ‘அலைகளிடையே’ என்ற திரையைப் பத்தே நாளில் முடித்தார். அதை விற்கவில்லை, கூடத்தில் வைத்தார். இன்றும் அது அந்தக் கூடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது.

உயிலும் அதற்குப் பின்னும்

1900 ஏப்ரல் 19 அன்று (புதிய நாட்காட்டியில் மே 2) அவர் காலமானார். ஒரு துருக்கியக் கப்பல் வெடிக்கும் காட்சி, அன்றுதான் தொடங்கியது, ஓவியத் தாங்கியில் முடியாமல் நின்றது. புனித சர்க்கிஸ் ஆர்மீனியத் தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உயிலின்படி கூடத்தின் கட்டடமும் அதிலுள்ள ஓவியங்களும் சிலைகளும் ஃபியோதோசியா நகரின் முழு உடைமையாயின. பேரரசருக்கோ கலைக்கழகத்துக்கோ, ஆர்மீனியத் திருச்சபைக்கோ அல்லாமல், ஊருக்கு அவர் எழுதிவைத்தார் என்பது கவனிக்கத் தக்கது. அடுத்த பதினேழு ஆண்டுகளில் பேரரசு இல்லாமல் போயிற்று.

ஆனால் அன்று ஊருக்குக் கிடைத்த அவரது ஓவியங்கள் 49 மட்டுமே. இன்று ஃபியோதோசியாக் கூடம் உலகிலேயே ஐவசோவ்ஸ்கியின் படைப்புகளை மிக அதிகமாகக் கொண்ட இடம். அவற்றின் எண்ணிக்கை 417. இந்த வளர்ச்சிக்கு நிறுவனரைக் காரணம் காட்ட முடியாது. உள்நாட்டுப் போருக்குப் பின் கூடம் அரசுடைமையானது. 1923 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதன் பொறுப்பில் இருந்த ஓவியர் நிக்கலாய் பர்சாமவ் காலத்தில், கலைக்கப்பட்ட அரண்மனைகளிலிருந்தும் பெரிய அருங்காட்சியகங்களிலிருந்தும் ஓவியங்கள் வந்து சேர்ந்தன. 1930 இல் கட்டடத்தின் முன் சிற்பி கின்ஸ்பூர்க்கின் சிலை நிறுவப்பட்டது. ஓவியர் தூரிகையோடு கடலைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படைகள் கிரிமியாவுக்குள் நுழைந்தபோது பர்சாமவ் சேகரிப்பைக் கட்டிக் கப்பலில் ஏற்றினார். கிராஸ்னதார் வழியாக அது இறுதியில் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானைச் சென்றடைந்து, கிரிமியா மீட்கப்பட்ட பிறகு திரும்பியது. தூரிகையால் கட்டிய கூடத்தைப் பெட்டியடித்துக் காத்தவரின் பெயர் ஃபியோதோசியாவுக்கு வெளியே அதிகம் தெரியாது. பெரிய திரைகளைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவது, ஈரம் தாக்காமல் பாதுகாப்பது, போர்க்காலத்தில் வண்டி கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைவது போன்றவற்றை எந்த உயிலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

2014 இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டதிலிருந்து கூடத்தின் உரிமை சர்ச்சைக்குரியதாகியிருக்கிறது. 2016 இல் மாஸ்கோவின் திரெத்தியாக்கவ் கூடம், ஓவியரின் இருநூறாம் ஆண்டையொட்டிய கண்காட்சிக்கு ஃபியோதோசியாவிலிருந்து 38 ஓவியங்களை வரவழைத்தபோது உக்ரைன் எதிர்ப்புத் தெரிவித்தது. ஓவியரின் அடையாளமும் இந்த இழுபறிக்குள் வந்துவிட்டது: 2023 இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘ரஷ்யர்’ என்ற குறிப்பை முதலில் ‘உக்ரைனியர்’ என்று மாற்றி, எதிர்ப்புக் கிளம்பியபின், ‘ஆர்மீனியர், ரஷ்யப் பேரரசில், இன்றைய உக்ரைனில் பிறந்தவர்’ என்ற பொருளில் திருத்தியது. மூன்றாவது குறிப்பு நீளமானது. ஆனால் ஆர்மீனியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று, ரஷ்யக் கடற்படைக்கு வரைந்து, வெளிநாட்டு அரசவைகளில் பழகிய ஒருவருக்கு முதல் இரண்டையும்விட அதுவே நெருக்கமானது. உயிலில் அவர் பெறுநராக எழுதியதோ அரசு ஒன்றின் பெயரை அல்ல, தாம் பிறந்த ஊரின் பெயரை. கூடம் நிற்கும் தெருவுக்கு அந்த ஊர் வைத்த பெயர் ‘கலேரெய்னயா’, கூடத்துத் தெரு.